வளையக் கார்பனேட்: சுழலாத ஒரு வளையம்

கார்பன் டை ஆக்சைடைப் பிணைத்துச் செய்யும் ‘சைக்ளிக் கார்பனேட்’ என்ற சேர்மத்தைச் சிலர் ‘சுழற்சிக் கார்பனேட்’ என்று எழுதுகிறார்கள். படித்தால் ஏதோ சுற்றிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இங்கே எதுவும் சுழல்வதில்லை. சக்கரம், வட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்த ‘சைக்ளிக்’, வடிவத்தையும் குறிக்கும், மறுபடி மறுபடி நிகழ்வதையும் குறிக்கும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. நைட்ரஜன் சுழற்சி என்கிறோம். பென்சீன் வளையம் என்கிறோம். நம் சொல்லும் இரண்டாவது வகை என்பதால் ‘வளையக் கார்பனேட்’ என்பதே பொருத்தம்.

‘கார்பனேட்’டின் வேர் ‘கார்போ’ என்ற லத்தீன் சொல், பொருள் கரி. ‘ஏட்’ என்ற ஈறு 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரும் கூட்டாளிகளும் வெளியிட்ட வேதிப்பெயர் முறையிலிருந்து வருகிறது. அவர்கள் அதை உப்புகளுக்குத்தான் வைத்தார்கள். சுண்ணாம்புக்கல் அப்படிப்பட்ட கார்பனேட் உப்பு. நம் வளையக் கார்பனேட்டோ உப்பல்ல, கார்பானிக் அமிலத்தின் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த வகைச் சேர்மம். இலங்கைப் பாடநூல்களில் இது ‘காபனேற்று’. இதற்கு மேல் தமிழாக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ‘வளைய’ என்ற அடைமொழி சரியாக இருந்தால் போதும்.

வளையத்தில் ஐந்து அணுக்கள்: மூன்று கார்பன், இரண்டு ஆக்சிஜன். இன்னோர் ஆக்சிஜன் வளையத்துக்கு வெளியே இரட்டைப் பிணைப்பில் நிற்கும். (ஆறு அணு வளையமும் உண்டு, இங்கே அது வேண்டாம்.)

அடுத்த சொல் ‘எப்பாக்சைடு’. இதோடு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான் வளையக் கார்பனேட் பிறக்கும். கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேலே. அடுத்தடுத்த இரண்டு கார்பன்களின் மேல் ஓர் ஆக்சிஜன் பாலம்போல உட்கார்ந்திருக்கும். ஆக, இதுவும் வளையம்தான், மூன்றே அணுக்களால் ஆனது. கார்பன் தன் நான்கு பிணைப்புகளையும் சுமார் 109 பாகைக் கோணத்தில் விரித்து நிற்க விரும்பும். இங்கே 60 பாகைக்குள் மடங்கிக் கிடக்கிறது. இழுத்துக் கட்டிய வில்போன்ற நிலை. அந்த இறுக்கம்தான் இந்த வேதிவினையின் மூலதனம்.

ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு லேசில் அசையாது. கரி எரிந்து முடித்த நிலை அது, இனிக் கொடுக்க ஆற்றல் இல்லை. பழைய பெயரான ‘கரியமில வாயு’ அதை நன்றாகவே சொல்கிறது: கரி, அமிலம், வாயு. அதோடு சேரவேண்டுமென்றால் எதிரில் இருப்பவர்தான் ஆற்றலோடு வரவேண்டும். எப்பாக்சைடு அப்படி வருகிறது. புரோமைடு போன்ற அயனி ஒரு கார்பனைத் தாக்கி அந்த மூவணு வளையத்தைத் திறக்கும். விடுபட்ட ஆக்சிஜன் எதிர்மின் சுமையோடு கார்பன் டை ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் அந்த வாயுவிலிருந்து வந்த ஆக்சிஜன் ஒன்று, புரோமைடு உட்கார்ந்திருக்கும் கார்பனுக்கே திரும்பிவந்து அதை வெளியே தள்ளி வளையத்தை மூடும். புரோமைடு அடுத்த மூலக்கூறைத் தேடிப் போய்விடும். அது வினையூக்கி மட்டுமே. கழிவாக ஓர் அணுகூட மிஞ்சாது. மிக எளிய எப்பாக்சைடான எத்திலீன் ஆக்சைடின் மூலக்கூறு எடை 44, கார்பன் டை ஆக்சைடுக்கும் 44. ஆகவே இரண்டும் சேர்ந்து உருவாகும் எத்திலீன் கார்பனேட்டின் எடையில் சரிபாதி அந்த வாயுதான். லித்தியம் அயனி மின்கலங்களுக்குள் இருக்கும் கரைப்பான்களில் இதுவும் ஒன்று.

ஆனால் எத்திலீன் ஆக்சைடு பெரும்பாலும் பெட்ரோலிய வழியில் வருவது. அதற்கு மாற்றாகத்தான் ‘தாவரவழி எப்பாக்சைடு’. இந்தச் சொல்லில் ஒரு சிறு ஏமாற்று உண்டு: பெரும்பாலான தாவரங்கள் எப்பாக்சைடைத் தருவதில்லை, இரு கார்பன்களுக்கு இடையேயான இரட்டைப் பிணைப்பைத்தான் தருகின்றன. சோயா, ஆளிவிதை எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களிலும், ஆரஞ்சுத் தோலின் மணப்பொருளான லிமோனீனிலும் அது இருக்கிறது. அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றுவது தொழிற்சாலை வேலை; எண்ணெய்க்கு வழக்கமாக ஹைட்ரஜன் பெராக்சைடும் ஓர் அமிலமும் போதும். விதிவிலக்கு, ஆப்பிரிக்காவின் வெர்னோனியா கலமென்சிஸ் என்ற செடி. அதன் விதை எண்ணெயில் எப்பாக்சைடு தயாராகவே இருக்கிறது. அதைத் தாங்கிய கொழுப்பு அமிலத்துக்கு வெர்னோலிக் அமிலம் என்ற பெயரும் செடியிலிருந்து வந்ததே.

தாவரவழி எப்பாக்சைடுகள் சோம்பேறிகள் என்பதையும் சொல்லவேண்டும். எண்ணெயில் எப்பாக்சைடு நீண்ட சங்கிலியின் நடுவில் ஒளிந்திருக்கிறது. லிமோனீன் ஆக்சைடில் பக்கத்திலேயே ஒரு மீத்தைல் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) வழிமறிக்கிறது. புரோமைடு எளிதில் நெருங்க முடியாததால் கூடுதல் வெப்பமும் அழுத்தமும் நேரமும் தேவைப்படும். சேரும் கார்பன் டை ஆக்சைடும் குறைவு: லிமோனீன் கார்பனேட்டில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் விடாமல் முயல்வதற்குக் காரணம், மெத்தை நுரையில் இருக்கும் பிளாஸ்டிக்கான பாலியூரித்தேன். வழக்கமான முறையில் அதற்கு நச்சுத்தன்மை வாய்ந்த ஐசோசயனேட்டுகள் வேண்டும். வளையக் கார்பனேட்டோடு நைட்ரஜன் சேர்மமான அமீனைச் சேர்த்தால் அவை இல்லாமலே யூரித்தேன் பிணைப்பு உருவாகும்.

கடைசியாக இன்னொரு சொல். இப்படி மாற்றிய எண்ணெயை ஆங்கிலத்தில் ‘கார்பனேட்டட்’ சோயா எண்ணெய் என்கிறார்கள். சோடாவுக்கும் அதே சொல். சோடாவில் வாயு வெறுமனே கரைந்திருக்கிறது, மூடியைத் திறந்தால் பொங்கிப் போய்விடும். எண்ணெயில் அது பிணைந்துவிட்டது, எவ்வளவு குலுக்கினாலும் வராது. தமிழில் இந்தக் குழப்பம் வேண்டாம்: சோடாவை ‘வாயு ஏற்றிய நீர்’ என்றும், இதை ‘கார்பனேட் வளையமேற்றிய எண்ணெய்’ என்றும் எழுதலாம்.