நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை? பிரெப் வேலை செய்யும் விதம்

“உடம்பில் எச்.ஐ.வி. இல்லாத பையன் எதற்காக அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும்? எதிர்ப்புச் சக்தி கெட்டுப்போகாதா?” எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் கிடைக்கத் தொடங்கியபின் பிரிக்பீல்ட்ஸ் முதல் பட்டர்வொர்த் வரை பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கெடாது. பிரெப் எதிர்ப்புச் சக்தியைத் தொடுவதே இல்லை. அது தடுப்பூசியும் அல்ல.

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளணுவான சிடி4 செல்லுக்குள் நுழைந்ததும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும். நகல் நம் மரபணுவோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க இன்றைய மருந்துகளால் முடியாது. நகலெடுக்கும்போதே பிடித்தாக வேண்டும்.

மாத்திரையில் டெனோபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிட்டபின் 200 மில்லிகிராம். டெனோபோவிர், டி.என்.ஏ.வின் ‘ஏ’ எழுத்தைப் போல வேடம் போட்ட மூலக்கூறு. நகலெடுப்பதை ரயில் பெட்டிகளைக் கோப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எழுத்துக்கு முன்னும் பின்னும் கொக்கி உண்டு. இந்தப் போலிக்குப் பின்கொக்கி இல்லை. வைரசின் நொதி ஏமாந்து இதைக் கோத்துவிட்டால் அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. நகல் பாதியில் நின்றுபோகும். நம் செல்லின் நொதிகள் இந்தப் போலியிடம் அவ்வளவாக ஏமாறுவதில்லை.

இதைவிட அழகான இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண எழுத்தில் பாஸ்பரஸ் ஆக்சிஜன் வழியாகத்தான் இணைந்திருக்கும். செல்லின் நொதிகள் அந்தப் பிணைப்பைச் சுலபமாக வெட்டிவிடும். பிராக் நகர வேதியியலாளர் அன்டோனின் ஹோலி இந்தப் போலியில் அந்த இடத்தில் கார்பனை வைத்தார். வெட்ட முடியவில்லை! அதனால் இரத்தத்தில் சுமார் 17 மணி நேரத்தில் பாதியாகிவிடும் மருந்து, செல்லுக்குள் பாதியாகச் சுமார் 150 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் மருந்து செல்லுக்குள் போயிருக்க வேண்டுமே. 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் மாத்திரை பெற்றவர்களிடையே தொற்று 44 விழுக்காடுதான் குறைந்தது. இரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் 92. இடைவெளிக்குக் காரணம் விழுங்காத மாத்திரைகள். நம் வீடுகளில் அதற்குக் காரணத்தைத் தேட வேண்டியதில்லை: 30 மாத்திரை உள்ள புட்டியை அம்மா பார்த்தால் “உனக்கு எய்ட்ஸா?” என்று அழுவார். பிள்ளை அதைக் காரில் ஒளிப்பான். நம்மூர் வெயிலில் அது மருந்து வைக்கும் இடமே அல்ல. புட்டி இறுக மூடி, 30 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். தொற்று ஏற்கெனவே இருந்தால் இந்த இரண்டு மருந்து போதாது. வைரஸ் அவற்றுக்குப் பழகிவிடும். பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. சிறுநீரகமும் ஹெப்படைட்டிஸ் பி-யும் பார்ப்பார்கள். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி பொங்கி எழலாம். முதல் சில வாரம் சிலருக்குக் குமட்டல் வரலாம், பெரும்பாலும் போய்விடும். பால்வினை நோயான சிபிலிசை இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

கிளினிக் கவுண்டரில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்களுக்குச் சமூக அமைப்புகள் உண்டு: கோலாலம்பூரில் 1987 முதல் இயங்கும் பி.டி. பவுண்டேஷன், பினாங்கில் கம்யூனிட்டி எய்ட்ஸ் சர்வீஸ். அறிவுரை மழை பொழியாமல் கேட்பதைக் கேட்டுப் பதில் சொல்கிறவர்கள் இருந்தால்தான் பையன் மூன்றாவது மாதமும் வருவான். ‘ஒழுக்கமாக இரு’ என்பது மருந்தல்ல, மந்திரித்த கயிறும் அல்ல.

பிரெப் இல்லாமல் ஏற்கெனவே ஆபத்து நேர்ந்துவிட்டதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் ‘பெப்’ (ஆபத்துக்குப் பின் சாப்பிட்டுத் தொற்றைத் தடுக்கும் மருந்து) கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அது முடிந்ததும் பரிசோதித்து, தொற்று இல்லையென்றால் இடைவெளி விடாமல் பிரெப்புக்கு மாறலாம்.