துளிப்பா: ஹைக்கூவுக்குள் இருக்கும் ஓசை

ஜூன் 21 இசைத் திருநாள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய வழக்கம், புதுச்சேரியிலும் வேர் பிடித்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாலையில் கடற்கரைச் சாலையில் பாட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். கவிதை எழுதிப் பழகும் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, ஹைக்கூவைத் துளிப்பான்னு சொல்றோமே, அது மொழிபெயர்ப்பா, இல்ல நாமளா வெச்ச பேரா?"

நாமாக வைத்த பெயர்தான். ஆனால் பொருத்தம் பார்த்து வைத்த பெயர்.

முதலில் மூலச் சொல். ஹைக்கூ என்ற இந்த மூன்றடிக் குறுங்கவிதையை ஜப்பானியர் 'ஹைகு' என்கிறார்கள். 'கு' என்றால் பாட்டின் ஓர் அடி, ஒரு சொற்றொடர். 'ஹை' என்பது 'ஹைகாய்' என்ற சொல்லின் தலைப்பகுதி. ஹைகாய் என்றால் வேடிக்கை, விளையாட்டு. நடிகரைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் இதே எழுத்தில்தான் தொடங்குகிறது. அதாவது இந்தச் சொல்லின் வேரில் ஒரு கூத்தாடி இருக்கிறார். கடலூர், விழுப்புரம், புதுவைப் பக்கம் விடியவிடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ராஜா வேடம் உறுமிக்கொண்டு நிற்கும்போது கட்டியங்காரன் ஒரே வரியில் ஊரைச் சிரிக்க வைப்பானே, அந்தச் சுறுசுறுப்பு.

அங்கே பலர் கூடி உட்கார்ந்து தொடர்பாட்டுப் பாடுவது வழக்கம். ஒருவர் ஐந்து, ஏழு, ஐந்து ஓசை என்ற அளவில் தொடங்குவார். அடுத்தவர் ஏழு, ஏழு என்று தொடுப்பார். கிட்டத்தட்ட நம் எசப்பாட்டு மாதிரி. அந்தத் தொடக்கப் பாட்டுக்கு 'ஹொக்கு' என்று பெயர். கவிஞர் பாஷோ (1644–1694) அதைத் தனித்து நிற்கும் அளவுக்குக் கனமாக்கினார். அதைத் தொடரிலிருந்து பிரித்துத் தனி வகையாக நிறுத்தி, 'ஹைகு' என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் பின்னால் வந்த கவிஞர் மசாவோகா ஷிகி. அது 1890களில்.

இந்த ஆண்டுக் கணக்கு நமக்கும் முக்கியம். பாரதியார் புதுவையில் இருந்தபோது, 16.10.1916 சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தமிழ் வாசகருக்கு இந்த வகையை அறிமுகப்படுத்திய அந்தக் கட்டுரையில் 'ஹைக்கூ' இல்லை, 'ஹொக்கு'தான் இருக்கிறது. பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம். புதிய பெயர் அப்போது பிறந்தே இருபதாண்டுதான் ஆகியிருந்தது.

அப்புறம் எழுத்து. ஜப்பானிய 'கு' குறில், நம் 'கூ' நெடில். தமிழ்க் காதுக்கு அப்படிப் படிந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் 'ஐக்கூ' என்று எழுதுகிறார்கள். அதுவும் சரிதான். கூவுதல், கூத்து என்று நம் வேர்களில் இழுத்துக் கட்டப் பார்ப்பது மட்டும் சரியில்லை. ஓசை ஒற்றுமையைத் தாண்டி அங்கே உறவு எதுவும் கிடையாது.

தமிழ்ப் பெயராகச் சிலர் 'குறும்பா' என்கிறார்கள். அந்தப் பெயரை ஈழத்துக் கவிஞர் மஹாகவி 1960களிலேயே ஐந்தடி நகைப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் குழப்பம்தான். 'வாமனக் கவிதை' அழகு. மூன்று வரிக்கு மூன்றடி பொருந்துகிறது. ஆனால் உருவம் சிறியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. புதுவைக் கவிஞர்களிடம் நன்றாகப் புழங்கும் 'துளிப்பா'தான் என் தேர்வு. அதிலிருந்து மற்றச் சொற்களும் எளிதாகக் கிளைக்கின்றன. மனிதரைக் கேலி செய்யும் சென்ரியுவுக்கு நகைத்துளிப்பா, உரைநடையோடு கலந்து வரும் ஹைபுனுக்கு உரைத்துளிப்பா.

துளி என்றதும் சின்ன உருவம் மட்டுமா நினைவுக்கு வருகிறது? துளிக்கு ஓசையும் உண்டு. ஓட்டு வீட்டில் மழை விட்ட பிறகு முற்றத்து அண்டாவில் விழும் சொட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பாஷோவின் பெயர்பெற்ற தவளைப் பாட்டு, பழைய குளத்தில் தவளை குதிப்பதும் தண்ணீரின் ஓசையும்தான். கடைசிச் சொல் 'ஒதொ', ஓசை. அதே எழுத்தை 'ஒன்' என்றும் படிப்பார்கள். ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணுகிறார்களே, அந்த அளவின் பெயரும் 'ஒன்'தான். அளக்கும் கோலும் ஓசை, பாட்டு போய் நிற்கும் இடமும் ஓசை. இதைக் கவனித்த நாளில் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இந்த 'ஒன்'னை நாம் பல இடங்களில் 'அசை' என்று எழுதி வைத்திருக்கிறோம். அது பொருந்தவில்லை. நம் யாப்பில் நேரசை ஓரெழுத்தாகவும் இருக்கும், நிரையசை ஈரெழுத்தாகவும் இருக்கும். ஜப்பானியர் எண்ணுவது நேரத்தை. நெடில் வந்தால் இரண்டு, குறில் வந்தால் ஒன்று. இது நமக்குத் தெரிந்த கணக்குத்தானே? 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியம் சொன்ன மாத்திரைதான் இதற்கு மிக நெருங்கிய சொல். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 'நிப்பொன்' என்ற அவர்கள் நாட்டுப் பெயர் அவர்கள் கணக்கில் நான்கு: நி, ப், பொ, ன். ஒற்றுக்கும் முழு இடம். நம் கணக்கில் ஒற்றுக்கு அரை மாத்திரை, ஆக மூன்று. தவில்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதைத் தொடையில் தட்டியே காட்டிவிடுவார்.

அடுத்தது பருவச்சொல். ஜப்பானியத் துளிப்பாவில் காலத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது மரபு. தவளை அங்கே இளவேனிலைக் குறிக்கும். நமக்கோ தவளை என்றால் மழை. அதனால் மரபைக் கடன் வாங்கலாம், பருவச்சொல்லைக் கடன் வாங்க முடியாது. வாங்கத் தேவையும் இல்லை. நம் திணை மரபின் கருப்பொருள் பட்டியலைப் பாருங்கள். தெய்வம், உணவு, மரம், பறவை என்று போகும் வரிசையில் பறையும் யாழும் இருக்கின்றன. நெய்தலுக்கு மீன்கோட்பறை, விளரியாழ். மருதத்துக்கு நெல்லரிகிணை. ஒரு வாத்தியத்தின் பெயரைச் சொன்னாலே நிலமும் தொழிலும் பொழுதும் கூட வந்துவிடும். இசையைக் கேட்டுத் துளிப்பா எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

இசை வெளியூரிலிருந்து வந்ததாக இருந்தாலும் இது பொருந்தும். ஆர்மோனியம் 1840களில் பாரிசில் உரிமம் பெற்ற கருவி. இன்று அது இல்லாமல் நம் பக்கத்துக் கூத்து இல்லை. பாகூர் வயல் பக்கம் ஒரு கூத்து முடிந்த விடியலில் நான் எழுதியது இது:

வேடம் கலைகிறது
மூடும் ஆர்மோனியத்தில்
மிச்சக் காற்று

அந்த மாணவர் அன்று எழுதிக் காட்டியது வேறு மாதிரி இருந்தது:

உலகம் ஒரு குடும்பம்
இசை
அதன் தாய்மொழி

நல்ல எண்ணம், ஆனால் காதில் எதுவும் விழவில்லை. "இன்னிக்கு இங்க என்ன கேட்டீங்க தம்பி?" என்றேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கிதார் வாசித்ததாகவும், பாதியில் தந்தி அறுந்ததாகவும் சொன்னார். "அப்புறம்?" என்றேன். கொஞ்ச நேரம் பாறைகள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்:

கிதார் தந்தி அறுந்தது
அப்போதுதான் கேட்டது
கடல்