பண்ணைக் குறி தாங்கிய ஹிட்ச் மூடி: தகட்டில் எழுத்தை வெட்டுவதன் அறிவியல்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஓடும் பிக்கப் டிரக்குகள் பலவற்றின் பின்பம்பருக்கு அடியில் வாய் திறந்த சதுரக் குழாய் ஒன்று தென்படும். டிரெய்லரை இழுக்கும் ஹிட்ச்சைச் செருகிப் பூட்டுவதற்கான ரிசீவர் அது. டிரெய்லர் மாட்டாத நாட்களில் சேறும், பனிக்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பும் உள்ளே புகாமல் இருக்க அதன் வாயில் ஒரு மூடி செருகப்படுகிறது. மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்களில் சிலர் இந்த மூடியைக் கடையில் வாங்காமல், தங்கள் பண்ணையின் சூட்டுக்குறியை எஃகுத் தகட்டில் வெட்டிப் பொருத்திக்கொள்கிறார்கள்.

சூட்டுக்குறி என்பது அங்கே வெறும் அலங்காரம் அன்று. மாடு யாருடையது என்பதைச் சட்டத்தின் முன் நிறுவும் அடையாளம். டெக்சாஸில் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) அலுவலகத்திலும் மொன்டானாவில் மாநிலக் கால்நடைத் துறையிலும் அதைப் பதிவுசெய்து, 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இக்குறிகளை இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும், வெளியிலிருந்து உள்நோக்கியும் படிப்பார்கள். எழுத்து படுத்த நிலையில் இருந்தால் அது ‘லேசி’. எழுத்தின் கால்கள் ஒரு வளைவின் மேல் ஊன்றி நின்றால் ‘ராக்கிங்’. அதே வளைவு எழுத்தைத் தொடாமல் சற்றே விலகி நின்றால் ‘குவார்ட்டர் சர்க்கிள்’, அதாவது வேறொரு குறி. எனவே மூடிக்கான வரைபடத்தில் அழகு கருதி ஒரு கோட்டை நகர்த்துகிறவர், தம் குறியையே மாற்றி எழுதியவராகிவிடுவார்.

‘ராக்கிங் ஆர்’ என்ற குறியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில ‘ஆர்’ எழுத்தின் தலைப்பகுதியில் மூடிய வளையம் ஒன்று உண்டு. அதன் இரு கால்களுக்கும் அடியிலுள்ள வளைவுக்கும் நடுவே இன்னொரு மூடிய பரப்பு உருவாகிறது. இந்த மூடிய பரப்புகள் சூட்டுக்கோல் செய்யும் கொல்லருக்கே தலைவலி. சாம்பல் நிறம் வரும்வரை காய்ச்சிய கோலைத் தோலில் அழுத்தும்போது, மூடிய பரப்புக்குள் இருக்கும் தோல் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சூட்டை வாங்குகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாததால் உட்பகுதி முழுவதும் வெந்து, தெளிவான கோடுகளுக்குப் பதிலாக ஒரே திட்டாகத் தழும்பேறிவிடும். இதைத் தவிர்க்க, கோடுகள் சந்திக்கும் இடங்களில் கோலில் சிறு இடைவெளி விடுவார்கள். டெக்சாஸின் கிங் ராஞ்ச் என்ற மாட்டுப்பண்ணை 1869-இல் பதிவுசெய்த ‘ரன்னிங் டபிள்யூ’ குறியில் இந்தச் சிக்கலே கிடையாது. பாம்பு நெளிவது போன்ற அந்த ஒற்றைக் கோட்டில் மூடிய பரப்பு எதுவும் இல்லை.

குறியைத் தகட்டில் துளையாக வெட்டும்போதும் சிக்கல் இதே இடத்தில்தான் எழுகிறது, ஆனால் காரணம் வேறு. மூடிய கோட்டைச் சுற்றி வெட்டி முடித்ததும், உள்ளே இருக்கும் தகட்டுத் துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அது கீழே விழுந்துவிடுகிறது; ‘ஆர்’ எழுத்தின் வளையம் வெறும் ஓட்டையாகிவிடுகிறது. லாரிகளில் எண் எழுதப் பயன்படும் தகர அச்சுகளில் பூஜ்ஜியமும் எட்டும் நடுவே உடைந்து காணப்படுவது இதனால்தான். கொல்லர் வெப்பம் வெளியேறுவதற்காகக் கோலில் விட்ட இடைவெளிகளை வரைபடத்தில் அப்படியே வைத்துக்கொண்டால், துளைத்து வெட்டும்போது அவை வெட்டுப்படாத எஃகாக நின்று, உள்துண்டைத் தாங்கும் பாலங்களாகிவிடுகின்றன. கணினியில் கிடைக்கும் எழுத்துருவை எடுத்து வெட்டுவதைவிட, பண்ணையில் தொங்கும் பழைய கோலைப் படமெடுத்து அதன் மேல் வரைவதே மேல் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். ஒரு பாலம் மட்டும் இருந்தால் துண்டு எளிதில் வளையும். இரண்டாவது இருப்பதும், ஒவ்வொன்றும் தகட்டின் கனத்துக்குக் குறையாத அகலத்தில் இருப்பதும் நல்லது.

வெட்டுவதற்குப் பெரும்பாலும் பிளாஸ்மா கருவி பயன்படுகிறது. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ராபர்ட் கேஜ் 1957-இல் காப்புரிமை பெற்ற முறை இது. மின்முனைக்கும் தகட்டுக்கும் இடையே எழும் மின்வில்லை, அழுத்தப்பட்ட காற்றுடன் சேர்த்து ஒரு நுண்துளை வழியாக நெருக்கித் தள்ளும்போது, காற்று அயனியாகி, வெப்பநிலை சுமார் 20,000 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. 1,538 டிகிரியில் உருகும் இரும்பு அந்தச் சூட்டில் நொடியில் உருகிவிட, காற்றின் வேகம் உருகிய இரும்பைக் கீழ்ப்புறமாக ஊதித் தள்ளிவிடுகிறது. கருவியின் வேகம் தவறினால் உருகிய இரும்பு முழுவதும் வெளியேறாமல் அடிவிளிம்பில் கசடாக உறைந்துவிடும்.

இந்த வெட்டின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. காற்று சுழன்றபடி வெளியேறுவதால், வலஞ்சுழியாகச் சுழலும் வழக்கமான கருவிகளில், நகரும் திசைக்கு வலப்புறம் அமையும் விளிம்பு செங்குத்தாகவும் இடப்புற விளிம்பு சரிவாகவும் அமைகின்றன. அதனால் தகட்டின் வெளிவிளிம்பை வலஞ்சுழியாகவும் உள்துளைகளை இடஞ்சுழியாகவும் வெட்டுவார்கள். சரிவான விளிம்பு கழிவுத் துண்டோடு போய்விடும். முதலில் தகட்டைத் துளைக்கும் இடத்தில் துளை சற்றுப் பெரிதாக விழும் என்பதால், அந்தத் துளைப்பையும் கழிவுப் பகுதியில் தொடங்கிக் கோட்டுக்கு வந்து சேர வேண்டும்.

துளைக்காமல், குறியைத் தனித் துண்டாக வெட்டி ஒரு பின்தகட்டின் மேல் புடைப்பாகப் பற்றவைப்பது இன்னொரு வழி. இதில் பாலம் தேவையில்லை. குறி எடுப்பாகத் தெரியும். ஆனால் காற்றுப் பிளாஸ்மா வெட்டிய விளிம்பில் நைட்ரஜன் கலந்திருப்பதால், அதைத் தேய்த்து அகற்றாமல் பற்றவைத்தால் வெல்டிங்கில் நுண்குமிழ்கள் விழும். தகட்டுக்கும் குறிக்கும் இடையிலான மெல்லிய இடுக்கில் நீர் தங்கி, ஓரிரு மழைக்குப் பின் துரு வழியத் தொடங்குவதும் உண்டு. குறி சிக்கலற்றதாக இருந்தால் நான் துளைத்து வெட்டும் முறையையே தேர்ந்தெடுப்பேன்.

தகட்டின் பின்னால் பற்றவைக்கும் சதுரக் குழாய்தான் ரிசீவருக்குள் போகும் பகுதி. முழு அளவு பிக்கப் வண்டிகளில் பொதுவாகக் காணப்படும் ரிசீவருக்கு 2 அங்குலக் குழாய் பொருந்தும். பூட்டும் ஊசிக்கான துளை 5/8 அங்குலம். வாயிலிருந்து அந்தத் துளை அமையும் தூரம் வண்டிக்கு வண்டி மாறுவதால், மூடியைச் செருகி, ரிசீவரின் துளை வழியாகவே குழாயில் அடையாளமிட்டு, பின்பு துளையிடுவது பாதுகாப்பானது. வெல்டிங் குளிரும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும் என்பதால், குழாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு புள்ளிகளாக மாற்றி மாற்றிப் பற்றவைத்த பிறகே முழுமையாக ஓட்ட வேண்டும். குளோரின் கலந்த கரைப்பானால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் தொடங்குவது உயிருக்கே ஆபத்து. மின்வில்லின் புறஊதாக் கதிர் அதன் ஆவியை ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாற்றக்கூடும்.

இறுதி வேலை பவுடர் கோட்டிங். சூடாக உருட்டிய தகட்டின் மேல் இருக்கும் நீலச்சாம்பல் ஆக்சைடு படலத்தை முதலில் நீக்காவிட்டால், பூச்சு அந்தப் படலத்தோடு சேர்ந்தே உரிந்துவிடும். மின்னூட்டம் பெற்ற தூள், புவித்தொடர்பு கொடுத்த தகட்டை நோக்கி ஈர்க்கப்படுகிறது. ஆனால் மின்புலம் வெளிவிளிம்புகளில் செறிந்தும் உள்மூலைகளில் நலிந்தும் இருப்பதால், மின்புலம் உலோகக் கூண்டுக்குள் புகுவதில்லை என்று மைக்கேல் ஃபாரடே 1836-இல் காட்டிய அதே விளைவு இங்கும் தலைகாட்டி, ‘ஆர்’ எழுத்தின் கால்கள் பிரியும் இடுக்கில் தூள் சரியாக ஒட்டுவதில்லை. தூளைத் தெளிக்கும் துப்பாக்கியின் மின்னழுத்தத்தைக் குறைத்து, இடுக்குகளில் முதலில் தெளித்துவிட்டுச் சமதளத்துக்கு வருவது பூச்சுக்காரர்களின் வழி. பின்னர் சுமார் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் தூள் உருகிப் படலமாக இறுகும். குழாய்ப் பகுதியை மட்டும் தெளிப்பதற்கு முன்பே வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவால் மறைத்துவிட வேண்டும். ரிசீவரில் இருக்கும் சொற்ப இடைவெளியைப் பூச்சின் கனம் நிரப்பிவிட்டால் மூடி உள்ளே போகாது. பூச்சில்லாத அந்த எஃகுக்குக் கிரீஸ் தடவினாலே போதும்.