உப்புக்கு உப்பு மாறும் புரதம்

முட்டையின் வெள்ளைக்கருவில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் கலங்கிப்போகும். அதிலுள்ள குளோபுலின் வகைப் புரதங்கள் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒன்றின் நேர்மின் பகுதி இன்னொன்றின் எதிர்மின் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சமையல் உப்பு போட்டால் கலங்கல் பெரும்பாலும் தெளிந்துவிடும். உப்பின் அயனிகள் அந்த மின்னூட்டங்களைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. இந்த வேலையை ஏறக்குறைய எல்லா உப்புகளும் செய்யும். அளவைக் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும்.

1888-இல் பிராக் நகரில் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். முட்டைப் புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ள எந்த உப்பு எவ்வளவு தேவை என்பது கணக்கு. அதிலிருந்து வளர்ந்ததுதான், புரதத்தை வெளியே தள்ளும் வலுவின்படி அயனிகளை அடுக்கும் ஹோஃப்மைஸ்டர் வரிசை. எதிர்மின் அயனிகளில் சல்பேட் வலுவான முனையில் நிற்கும்; பாஸ்பேட், குளோரைடு, அயோடைடு என்று நகர்ந்தால் மறுமுனையில் தயோசயனேட்.

சல்பேட் புரதத்தை வீழ்படிவாக்கும், அதாவது கரைசலிலிருந்து திடமாகப் படியவைக்கும், ஆனால் சிதைக்காது. வயலுக்குப் போடும் அதே அம்மோனியம் சல்பேட்தான் உயிர்வேதியியல் ஆய்வகத்திலும் இருக்கிறது: விலை மலிவு, தண்ணீரில் ஏராளமாகக் கரையும். அரை நிறைவு அளவுக்கு, அதாவது தண்ணீரில் கரையக்கூடிய அதிகபட்சத்தில் பாதிக்குச் சேர்த்தால் வெள்ளைக்கருவின் குளோபுலின்கள் படியும். இன்னொரு வகைப் புரதமான அல்புமின் அப்போதும் கரைசலிலேயே இருக்கும். படிந்ததை எடுத்து மறுபடி கரைத்தால் புரதம் வழக்கம்போல வேலை செய்யும். சில நொதிகளை இந்த உப்புக் கரைசலில் மிதக்கவிட்டே விற்கிறார்கள்.

தயோசயனேட் இதற்கு நேர் எதிர். குவானிடினியம் என்ற நேர்மின் அயனியோடு அது சேர்ந்த உப்பான குவானிடினியம் தயோசயனேட் பட்டால், புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் மடிப்பே பிரிந்துவிடும். செல்லிலிருந்து ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தி மூலக்கூறைப் பிரித்தெடுப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆர்என்ஏவைத் துண்டாக்கும் நொதிகளை அது முதலிலேயே முடக்கிவிடுகிறதே! இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: அதே குவானிடினியத்தைச் சல்பேட்டோடு சேர்த்தால் அது புரதத்தைப் பிரிப்பதில்லை. துணை மாறினால் குணமும் மாறிவிடுகிறது.

ஏன் இப்படி? சில அயனிகள் தண்ணீரின் அமைப்பைக் கட்டுகின்றன, சில உடைக்கின்றன என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பாடப்புத்தகத்துக்கு வசதியான விளக்கம்தான். ஆனால் அயனியைத் தொட்டு நிற்கும் தண்ணீர் அடுக்கைத் தாண்டி அந்தப் பாதிப்பு பெரிதாகப் பரவவில்லை என்று 2003-இல் நெதர்லாந்தில் நடந்த லேசர் அளவீடுகள் காட்டின. அதனால் இப்போது கவனம் புரதத்தின் மேற்பரப்புக்கு வந்திருக்கிறது. சல்பேட் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு புரதத்தை விட்டு விலகியே நிற்கும். அந்தச் சூழலில் புரதம் வெளியே காட்டும் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எனவே மடிப்பு இறுகும், புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படியும். தயோசயனேட்டின் மின்னூட்டம் பரவலானது, தண்ணீர்ப் பிடிப்பும் தளர்வு. அது புரதத்தின் மீதே போய் ஒட்டும். மடிப்பு பிரிந்தால் ஒட்ட இன்னும் இடம் கிடைக்கும், ஆகவே பிரிந்த நிலையே வெல்கிறது.

முட்டையிலேயே இருக்கும் லைசோசைம் என்ற புரதம் மட்டும் முரண்டு பிடிக்கும். அதன் மேல் நேர்மின்னூட்டம் அதிகம். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும்; அந்த விலக்கத்தால்தான் அதன் மூலக்கூறுகள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. தயோசயனேட் ஒட்டியதும் விலக்கம் போய்விடும். அதனால் குறைந்த உப்பளவில் வரிசை தலைகீழாகி, தயோசயனேட்டே அதை முதலில் படியவைக்கிறது. உப்பை இன்னும் கூட்டினால், மின்னூட்டம் சமனான பிறகு, பழைய வரிசை திரும்பிவிடும்.