ஜனவரி 8: கலிலியோ மறைந்த நாள், ஹாக்கிங் பிறந்த நாள்

1642 ஜனவரி 8. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரை ஒட்டிய ஆர்செத்ரியில், வீட்டுக் காவலில் இருந்த கலிலியோ பார்வையும் போன நிலையில் காலமானார். சரியாக 300 ஆண்டு கழித்து, 1942இல் அதே தேதியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். அவர் மறைந்தது 2018 மார்ச் 14. அது ஐன்ஸ்டைனின் பிறந்தநாள்!

கேட்டதும் மெய்சிலிர்க்கிறது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அறையில் 23 பேர். யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வருமா? முதல் ஆளுக்கு எந்தத் தேதியும் இருக்கலாம். இரண்டாமவர் அவரோடு மோதாமல் இருக்க வாய்ப்பு 364/365. மூன்றாமவருக்கு 363/365. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 23ஆவது ஆளில் 0.493க்கு இறங்கிவிடும். அதாவது பொருந்திப்போக வாய்ப்பு பாதிக்கும் மேல். 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருப்பதுதான் காரணம். நாம் ஆட்களை எண்ணுகிறோம், தற்செயலோ ஜோடிகளில் நடக்கிறது.

40 தேதிகள் என்றால் வாய்ப்பு 89 சதவீதம். 20 விஞ்ஞானிகளின் பிறப்பையும் இறப்பையும் எழுதினாலே 40 தேதி வந்துவிடுமே! நம் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் இன்னும் அதிகம் பொருந்தும். வயது போதாத பிள்ளைகளைச் சேர்க்க, மே, ஜூனில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடும் வழக்கம் இருந்ததல்லவா?

ஹாக்கிங்கே இதைத் தெளிவாகச் சொன்னார்: தான் பிறந்த அன்று சுமார் 2 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று.

அப்புறம் இன்னொன்று. கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தார் என்று நாம் ஆசையோடு சொல்வது. இதில் காலண்டர் நம்மை ஏமாற்றுகிறது. பழைய ஜூலியன் காலண்டரில் ஆண்டுக்கு 365.25 நாள், உண்மையில் 365.2422தான். ஆண்டுக்கு 11 நிமிடம் கூடிக்கூடி, 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். 1582இல் இத்தாலி அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று வைத்து அதைச் சரிசெய்தது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை.

நியூட்டனின் 1642 டிசம்பர் 25 இங்கிலாந்துக் கணக்கு. புதிய காலண்டரில் அது 1643 ஜனவரி 4. கலிலியோ மறைந்த நாளைப் பழைய காலண்டருக்கு மாற்றினால் 1641 டிசம்பர் 29. எந்தக் காலண்டரை எடுத்தாலும் இருவருக்கும் ஒரே ஆண்டு வராது.