நாள் தள்ளிப்போன பிறகு மிஞ்சுவது இரண்டே வாரம்

"கர்ப்பம் என்று தெரிந்த அன்றே ஃபோலிக் அமில மாத்திரை போட ஆரம்பித்துவிட்டேன்" என்று பல பெண்கள் சொல்வதுண்டு. தவறில்லை. ஆனால் அந்த மாத்திரை எந்த வேலைக்காகக் கொடுக்கப்படுகிறதோ, அதாவது கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் சரியாக மூடுவது, அது அதற்குள் பாதி முடிந்திருக்கும். காரணம், கருவின் செல்கள் தாங்கள் எந்த உறுப்பாவது என்று முடிவாகும் காலம் மிகவும் முந்தியது.

கருத்தரித்த 3ஆம் நாளில் கரு சுமார் எட்டு செல்கள் கொண்ட ஒரு கொத்துதான். எந்தச் செல்லுக்கும் இன்னும் தனி வேலை கிடையாது; ஒன்றை எடுத்துவிட்டாலும் மீதமுள்ளவை சேர்ந்து முழுக் குழந்தையாக வளர முடியும். 5ஆம் நாளில் முதல் பாகப்பிரிவினை நடக்கிறது. வெளிப்புறச் செல்கள் நஞ்சுக்கொடியின் பக்கம் போகின்றன, உள்ளே ஒதுங்கியவற்றிலிருந்து உடல் உருவாகிறது. 3ஆம் வாரத்தில் அந்த உட்செல்கள் மூன்று அடுக்குகளாகின்றன. தோலும் மூளையும் நரம்பும் புற அடுக்கிலிருந்து வரும். தசை, எலும்பு, இதயம், சிறுநீரகம் நடு அடுக்கிலிருந்து. குடலின் உட்பூச்சு, கல்லீரல், நுரையீரலின் உட்பரப்பு அக அடுக்கிலிருந்து.

எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில் அண்டைச் செல்கள் அனுப்பும் வேதிச் செய்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மன் உயிரியலாளர்களான ஸ்பெமானும் மாங்கோல்டும் 1924இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. நியூட் என்ற நீர்நில வாழ்வியின் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு முதுகுப்பகுதியே, நரம்புக் குழாயோடு, உருவானது. ஒட்டப்பட்ட துண்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் திசை திருப்பி அந்த வேலையில் இறக்கிவிட்டிருந்தது.

மனிதக் கருவிலும் முதுகுநாணிலிருந்து (கருவின் முதுகுப்பக்கம் நீளவாக்கில் ஓடும் தண்டு) வரும் செய்திகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அதற்கு மேலே உள்ள புற அடுக்குச் செல்கள் தடித்து ஒரு தட்டாகின்றன. தட்டின் நடுவே பள்ளம் விழுகிறது, ஓரங்கள் இரண்டும் எழுந்து சாய்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன. 22ஆம் நாள் வாக்கில் கழுத்துப் பகுதியில் ஒட்டத் தொடங்கி, மேலும் கீழுமாக ஜிப் இழுத்தது போல மூடிக்கொண்டே போகிறது. தலைப்பக்க வாய் 25ஆம் நாளையொட்டியும், கீழ்வாய் 28ஆம் நாளுக்குள்ளும் அடைபடுகின்றன. அப்போது கருவின் நீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மேல்வாய் அடைபடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாது. கீழே அடைபடாவிட்டால் தண்டுவடம் திறந்தபடி நிற்கும்.

இந்த 28 நாள் கருத்தரித்ததிலிருந்து எண்ணுவது. மாதவிடாய் தள்ளிப்போவதே 14ஆம் நாள் வாக்கில்தான். பரிசோதித்து, உறுதி செய்து, மருத்துவரிடம் போவதற்குள் குழாய் மூடியிருக்கும்.

வேகமாகப் பிரியும் செல்கள் புது டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலேட் (ஃபோலிக் அமில மாத்திரை தரும் வைட்டமின்) வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு உயர வாரக்கணக்காகும். அதனால் கருத்தரிக்கக் குறைந்தது 1 மாதம் முன்பே, முடிந்தால் 3 மாதம் முன்பே, தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை (கர்ப்ப வாரங்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுபவை) எடுக்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தால் 4 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. ஏழு நாடுகளில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், இந்த அளவு மறுபடி வரும் வாய்ப்பை 72 சதவீதம் குறைத்தது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 4 மில்லிகிராம் வேண்டும் என்று மல்டிவைட்டமின் மாத்திரைகளைப் பத்தாகப் பெருக்கிப் போட்டுக்கொள்வது. அப்படிச் செய்தால் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ-யும் பத்து மடங்காகும். அதிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம், கருவில் தலை எது, கழுத்து எது என்று செல்களுக்கு இடம் சொல்லும் செய்திகளில் ஒன்று. அளவு கூடினால் செல்கள் தவறான இடத்துக்குரிய கட்டளையைப் பெறும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அதே வேதிக் குடும்பம். அதை எடுத்தால் கருவின் காது, முகம், இதயம், மூளை கெடுவதும் இதனால்தான். அதை நிறுத்தி குறைந்தது 1 மாதம் கழித்தே கருத்தரிக்க வேண்டும். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் என்றால் 3 ஆண்டு.

ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்குக் குமட்டலுக்காகக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்து கற்பித்ததும் நாள் கணக்குதான். கருத்தரித்த 20 முதல் 36 நாளுக்குள் விழுங்கியவர்களின் குழந்தைகளுக்கே கை, கால், காது பாதிக்கப்பட்டன; எந்த நாளில் விழுங்கினார்களோ அந்த நாளில் உருவாகிக்கொண்டிருந்த உறுப்பு.

வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்தும் நரம்புக் குழாய்க் குறையை உண்டாக்கலாம்; ஆனால் அதை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, வலிப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். கருத்தரிக்கப் பல மாதம் முன்பே மருத்துவரோடு பேசி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், இதயமும் நரம்புக் குழாயும் உருவாவதற்கு முன்பே ஹெச்.பி.ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவை, தாழ்சர்க்கரை வராமல் முடிந்தால், 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

திட்டமிடாமல் கர்ப்பமானவர்கள் கலங்க வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஃபோலிக் அமிலத்தை இன்றே தொடங்குங்கள். விழுங்கிய மருந்துகளை, மூலிகைப் பொடி உட்பட, தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். தலைப்பக்கக் குறையை 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே பெரும்பாலும் கண்டுவிடலாம்; தண்டுவடத்தைப் பார்க்க 18 முதல் 20 வார ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.