திரும்பத் திரும்பக் கேட்டால் ஏன் உண்மை போலத் தோன்றுகிறது?

சேலம் சூரமங்கலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: “தேர்தல் வந்தால் ஆட்டோவில் மைக் கட்டி ஒரே வாசகத்தைக் காலையிலிருந்து ராத்திரி வரை சொல்லிக்கொண்டே போகிறார்கள். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளில் என் மாணவர்கள் அதையே பொது அறிவுத் தகவல் மாதிரி ஒப்பிக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது?”

பிரசார உத்திகள் என்றதும் பலரும் காட்டுவது 1937-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிரசார ஆய்வு நிறுவனம் தொகுத்த ஏழு உத்திகளைத்தான். எதிராளிக்குப் பட்டப்பெயர் வைப்பது, வளர்ச்சி, மானம் என்று பளபளப்பான சொற்களை வீசுவது, கொடியின் மதிப்பையும் மறைந்த தலைவரின் மதிப்பையும் வேட்பாளர் மேல் ஏற்றுவது, நடிகரை விட்டுப் பேசச் சொல்வது, டீக்கடையில் நின்று டீ ஆற்றி ‘நானும் உங்களில் ஒருவன்’ என்று காட்டுவது, சாதகமான தகவலை மட்டும் அடுக்குவது, ‘ஊரே எங்கள் பக்கம்’ என்பது. சேலத்தின் அஞ்சு ரோடு சந்திப்பில் பிரசாரம் முடியும்வரை நின்றால் ஏழையும் பார்த்துவிடலாம். இவற்றைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஆனால் ஆசிரியை கேட்ட விஷயம் இந்த ஏழில் இல்லை. எந்தத் தந்திரமும் இல்லாமல், வெறுமனே திரும்பச் சொல்வது மட்டும் எப்படி வேலை செய்கிறது?

1977-இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் 60 வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி, அப்புறம் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அதில் 20 வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் வந்தன. மற்றவை ஒவ்வொரு முறையும் புதியவை. திரும்ப வந்த வாக்கியங்களின் சராசரி 4.2-இலிருந்து 4.6, பிறகு 4.7 என்று ஏறியது. புதியவற்றுக்கு அப்படி ஏற்றம் இல்லை. யாரும் வாதாடவில்லை, ஆதாரமும் தரவில்லை. முன்பு கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்தவர்களை இது அசைக்காது என்று நினைக்கத் தோன்றும். 2015-இல் லிசா ஃபாசியோ குழுவினர் அதையும் பார்த்தார்கள். அவர்களுடைய வாக்கியங்களில் ஒன்று, ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் ‘சேலை’ என்பது. இப்படிப்பட்ட தவறுகளுக்குச் சரியான விடை தெரிந்தவர்களிடம்கூட, ஏற்கெனவே ஒரு தடவை படித்திருந்தால் அது உண்மை என்ற எண்ணம் கொஞ்சம் கூடியது. தெரிந்திருப்பது மட்டும் காவல் இல்லை.

ஏன் இப்படி? என்னை வியக்க வைக்கும் இடம் இதுதான். ஏற்காட்டு மலைப்பாதையில் முதல் தடவை வண்டி ஓட்டுபவருக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஒரு சோதனை. தினமும் போகும் பஸ் ஓட்டுநருக்கோ கை தானாகத் திரும்பும். ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை சந்திக்கும் மூளையும் அப்படித்தான். ஒரே தூண்டுதல் திரும்ப வரும்போது நரம்பணுக்களின் துடிப்பு குறைவதை மூளைப் பதிவுகளில் பார்க்க முடிகிறது. உழைப்பு குறைகிறது, வேலை சுலபமாகிறது. அந்தச் சுலபத்தை நாம் ‘சுலபமாக இருக்கிறது’ என்று உணர்வதில்லை. ‘சரியாக இருக்கிறது’ என்று உணர்கிறோம். படிக்கும் சுகம், படித்த செய்தியின் குணமாக மாறிவிடுகிறது.

வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. 2001-இல் விங்கில்மன், காசியோப்போ இருவரும், படங்களைப் பார்க்கிறவர்களின் முகத்தசைகளில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். மூளைக்கு எளிதாக்கப்பட்ட படம் வந்தபோது, சிரிக்கும்போது இயங்கும் கன்னத் தசை லேசாகத் துடித்தது. வெளியே தெரியாத அளவு சின்னத் துடிப்பு, ஆனால் கருவி பிடித்துவிட்டது. 1999-இல் ரெபர், ஷ்வார்ஸ் இருவரும் இன்னும் எளிமையாகச் செய்தார்கள்: ‘இந்த நகரம் இந்த நாட்டில் இருக்கிறது’ என்ற மாதிரி வாக்கியங்களைச் சிலவற்றைப் பளிச்சென்ற நிறத்திலும், சிலவற்றைப் பின்னணியோடு கலங்கும் நிறத்திலும் காட்டினார்கள். பளிச்சென்று தெரிந்தவை உண்மை என்று கூடுதலாக மதிக்கப்பட்டன. சுவர் விளம்பரத்துக்கு வெள்ளையடித்த சுவரையும் கொட்டை எழுத்தையும் தேடுவதில் இந்தப் பலனும் சேர்ந்துவிடுகிறது.

இதே வாசல் வழியாகத்தான் எதுகையும் மோனையும் நுழைகின்றன. 2000-இல் மெக்லோன், டொஃபிக்பக்ஷ் செய்த சோதனையில், ஒரே கருத்தைச் சொல்லும் இரண்டு பழமொழிகளில் ஓசை ஒத்து வந்ததையே மக்கள் கூடுதல் துல்லியம் என்றார்கள். தமிழருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. முன்வைத்த ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ இன்றும் நினைவில் நிற்கிறது. வாக்குறுதியின் நியாயம் வேறு விவாதம். வாக்கியம் நாவில் வழுக்கிக்கொண்டு போவதை மட்டும் கவனியுங்கள். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பதும் இதே வகைதான். வீட்டுக்குள் வந்த ஆமையால் குடும்பம் கெடும் என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. மோனை இருக்கிறது, பாட்டி காலத்திலிருந்து கேட்ட பழக்கம் இருக்கிறது. ஒரு பாவப்பட்ட உயிரை அபசகுனமாக்க இவ்வளவு போதும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆனால் மூளையை முட்டாள் என்று திட்டக் கூடாது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு என்று சேலத்துக்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். அது உண்மை என்பதால்தான் அவ்வளவு பேர் சொல்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அடிக்கடி காதில் விழுவது சரியாகவே இருக்கும். அந்த நம்பகமான குறுக்குவழியில்தான் பிரசாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்று, வாக்கியம் தங்கும், சொன்னவர் யார் என்பது மறந்துபோகும். துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. அவசியமான விதிதான். ஆனால் பெயர் காகிதத்தில் இருக்கும், மனதில் இருக்காது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை உண்டு. இந்த விளைவோ ஒரு மாதம் கழித்தும் குறைந்த அளவில் மிச்சமிருப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன.

இந்தச் சோதனைகளுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. தாளும் பேனாவும் போதும். தமிழ் வாக்கியங்களை வைத்து, தமிழ் வாக்காளர்களிடம், சேலத்திலேயே இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதைப் பெரிய அளவில் செய்ய நிதி கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. எதுகை மோனையில் இவ்வளவு ஊறிய மொழியில் இந்த விளைவு எவ்வளவு என்று அமெரிக்க மாணவர்களை வைத்து அளக்க முடியாது.

சரி, ஆசிரியை வகுப்பில் என்ன செய்யலாம்? பொய்யை மறுக்கும்போது அதையே தலைப்பாக்கிப் பலமுறை உச்சரிக்க வேண்டாம். அதுவும் ஒரு விளம்பரம். ‘சேர்வராயன் மலைதான் தமிழ்நாட்டிலேயே உயரமானது’ என்று ஒரு பையன் சொன்னால், ‘தொட்டபெட்டாதான் உயரம், 2,637 மீட்டர்’ என்று சரியானதில் தொடங்கி அதிலேயே முடியுங்கள். இன்னொரு வழிக்கு நல்ல ஆதாரம் உண்டு. 2020-இல் நாடியா பிராஷியர் குழுவினர், ஒரு வாக்கியத்தை முதல்முறை படிக்கும்போதே ‘இது உண்மையா?’ என்று மதிப்பிடச் சொன்னால், விஷயம் தெரிந்தவர்களிடம் இந்த மயக்கம் பிறகு எழுவதில்லை என்று கண்டார்கள். ஆட்டோ போகும்போது கேட்ட வாசகத்தை மாணவர்கள் அப்போதே நோட்டில் எழுதி, பக்கத்தில் உண்மை, பொய், தெரியாது என்று குறிக்கட்டும். ஆனால் விஷயம் தெரியாதவருக்கு அந்தக் கேள்வி மட்டும் உதவாது. ‘தெரியாது’ என்று குறித்தவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும். வேட்பாளரின் சொத்து, வழக்கு பற்றியதென்றால் அவரே கையெழுத்திட்ட படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.